முயலுக்கு வாங்கிய பால்

1957 ஐப்பசி மாதம். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருடம் ஆகியிருந்தாலும், புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் துரைமார் குடும்பங்கள் சில இன்னும் இருந்தன. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நான் முயல் வளர்த்தேன். நொயேல் விருந்துக்குப் பன்னிரண்டு முயல் வேண்டும் என்று அங்கே துரை வீட்டு மதாம் ஒருத்தி கேட்டாள். கிறிஸ்துமஸை நாங்கள் நொயேல் என்றுதான் சொல்வோம். பெரிய ஆள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அப்போதுதான் தாயைப் பிரித்த குட்டிகள் சரியாகப் பன்னிரண்டு இருந்தன. ஒன்று குறைந்தாலும் என் வாக்கு போய்விடும். சீக்கிரம் கொழுக்கட்டும் என்று தினமும் பால் வாங்கி, தவிட்டில் பிசைந்து வைக்கச் சொன்னேன். புல் அறுத்துக்கொண்டு வரும் பெண்தான் தீனியும் வைப்பாள். என் வயதுதான் இருக்கும், கைக்குழந்தைக்காரி. குட்டிகள் மளமளவென்று தேறின. எல்லாம் என் பாலின் மகிமை என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் தீனித் தொட்டியில் புளித்த வாடை அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி வேறு, “சாயங்காலமானா பாலை அவ வூட்டுக்கு எடுத்துக்கினு போறா” என்று பற்றவைத்தாள். எனக்கு வந்ததே கோபம்! மறுநாள் காலை புல்லுக்கட்டோடு வந்தவளை வாசலிலேயே மடக்கினேன்.

“நான் வாங்குற பாலு முயலுக்கா, ஒம் புள்ளைக்கா?”

“பச்சப் பாலு ஊத்தினா அதுங்களுக்கு வயித்தால போவுதுக்கா. அதான் வூட்ல தோச்சு, மோராக்கி ஊத்தறேன். சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னுதான்...”

“நல்லா கத கட்டுறே!” என்று கத்தினேன். திருடி என்றும் சொல்லிவிட்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் கட்டை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து நானே பச்சைப் பாலைத் தாராளமாகப் பிசைந்து வைத்தேன். மூன்றாம் நாள் காலை கூண்டைத் திறந்தேன். ஏழு குட்டிகள் விறைத்துக் கிடந்தன. கூண்டெல்லாம் கழிச்சல். மற்ற ஐந்தும் வயிறு உப்பி, கண் சொருகிக் கிடந்தன.

அவள் வீட்டுக்கு ஓடினேன். அதற்கு முன் அந்த வாசலை நான் மிதித்ததில்லை. குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். மேலே உறியில் ஒரு சட்டி தொங்கியது. என் பார்வை அங்கே போனதைப் பார்த்துவிட்டாள்.

“ஒங்க பாலுதாங்க்கா. சண்டைக்கு மொத நாளு தோச்சது. எடுத்தாந்து குடுக்கலாம்னா, அத்தினி பேரு முன்னால பேசிட்டீங்க...”

சட்டியை இறக்கிக் காட்டினாள். ஏடு கலையாமல் அப்படியே இருந்தது. அதில் ஒரு கரண்டிகூட அவள் குழந்தைக்குப் போகவில்லை. ஏழு முயல் செத்ததைவிட அந்த ஏடுதான் என்னைச் சுட்டது.

அவளே சட்டியோடு என் பின்னால் வந்தாள். மோராகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். ஐந்தும் பிழைத்தன. அந்த ஐந்துதான் நொயேலுக்கு மதாம் வீட்டுக்குப் போயின. மதாம் முகம் சுளித்தது எனக்கு உறைக்கவே இல்லை.

தெரு கூடும்படி திட்டிய நான், மன்னிப்பை மட்டும் கூண்டுக்குப் பக்கத்தில் யார் காதிலும் விழாதபடி கேட்டேன். அதையும் அதே தெருவில், எல்லார் காதிலும் விழும்படி கேட்டிருக்க வேண்டும் என்று, தயிரில் ஏடு கலையும்போதெல்லாம் இன்றும் கூனிக் குறுகுகிறேன்.