ஸ்ரீ போட்ட மொட்டைக் கடுதாசி

போன வாரம் எங்கள் தெருவுக்குத் தார் போட்டார்கள். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவுக்குத் தார் வருவது அபூர்வம் என்பதால் எல்லோரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து பார்த்த என் மனைவி, "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். தார் வாசனை வந்தால் எனக்குச் சம்பத்தின் ஞாபகம் வரும் என்பது அவளுக்குத் தெரியும். சம்பத்தின் ஞாபகம் வந்த நாளில் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் காரணமும் இருந்தது. என் பச்சை வண்டியை வாங்கிய கேரளாக்காரர் மிச்சக் காகிதங்களுக்காக மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். வண்டி அதற்கு முந்தின மாதமே போய்விட்டது. போர்ட்டிக்கோவில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. அதைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

அந்த வண்டியை நீங்கள் பார்த்திருந்தால் ஒரு நிமிஷம் நின்றிருப்பீர்கள். ஜப்பானில் செய்தது, மூன்று கதவு, குட்டை உடம்பு, முன்னால் ஒரு விஞ்ச், அதாவது இரும்புக் கயிற்றை மோட்டாரில் சுற்றி இழுக்கிற சாமான். பானெட் ஓரமாக யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு மூச்சுக் குழாய், இடுப்பளவு தண்ணீரில் போனாலும் இன்ஜினுக்கு மூச்சு முட்டாது. மலேசியாவில் சரவாக் காட்டுக்குள் பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் பதினோரு வருஷம் ஒர்க்‌ஷாப் இன்ஜினியராகக் குப்பை கொட்டினேன். அங்கே வருஷம் முழுவதும் மழை, முழங்கால் வரைக்கும் செம்மண் சேறு. அந்தச் சேற்றில் இந்த வண்டி போகிற அழகைப் பார்த்துத்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. பிடித்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை, ஏற்கெனவே இருந்தது முற்றியது.

ஏற்கெனவே இருந்ததற்குக் காரணம் சம்பத். திருச்சியில் காலேஜ் படிக்கும்போது மெயின்கார்டு கேட் பக்கம் பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டு வண்டிப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். நானும் அவனும் பங்கு போட்டு வாங்குவோம். அவன் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரன், நான் மேலப்புதூர் மாதா கோயில் பாடற்குழுவில் சுமாராகப் பாடுகிறவன். ஒரு வாரம் பத்திரிகை அவன் வீட்டில் இருக்கும், மறு வாரம் என் வீட்டில். அவன் வீட்டிலிருந்து வரும்போது அதில் துளசி வாசனை அடிக்கும். படங்களை நான் பார்ப்பேன், படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் அவன் படிப்பான். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் கடைசிவரை அதுதான்.

நான் கடல் தாண்டினேன். அவன் இன்சூரன்ஸ் சர்வேயர் ஆனான். விபத்தான வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிற வேலை. பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தான், அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. ராணுவ ஏலத்தில் வந்த ஒரு கிழட்டு ஜீப்பை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கொள்ளிடத்து மணலில் ஓட்டித் திருப்திப்பட்டுக்கொண்டான்.

வெளிநாட்டில் ஓடின வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். கொண்டுவருகிறவன் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்புகிறவனாக இருக்க வேண்டும். பழைய வண்டி என்றால் பம்பாய்த் துறைமுகத்தில்தான் இறக்க வேண்டும். வண்டி விலைக்குமேல் வரி. இதெல்லாம் எனக்குத் தெரியாது. சம்பத்துக்கு மனப்பாடம். தனக்கு என்றைக்குமே பயன்படாத சட்டத்தை அவன் பத்து வருஷமாகப் படித்து வைத்திருந்தான். ஈமெயில் வந்துவிட்ட காலத்திலும் வெள்ளைத் தாளில் கையால் எழுதி, அதை ஸ்கேன் செய்து எனக்கு அனுப்புவான். ஒவ்வொரு தாளிலும் மேலே நட்டநடுவில் 'ஸ்ரீ:' என்று இருக்கும், பக்கத்தில் இரண்டு புள்ளியோடு. அதைப் போடாமல் அவன் கைக்கு எழுத்து வராது. மளிகைச் சீட்டுக்கும் அது உண்டு, சட்டைக்கு அளவு எழுதினாலும் உண்டு. அவன் தொழிலில் இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. எதற்கெடுத்தாலும், "எதா இருந்தாலும் எழுத்துல குடுத்துடுங்கோ" என்பான். அவன் கல்யாணப் பந்தியில் சமையல்காரரிடம்கூடச் சொன்னான்.

வண்டி பம்பாயில் இறங்கியதும் அவனும் வருவதாகப் பேச்சு. லீவுகூடப் போட்டு வைத்திருந்தான். ஆனால் கஸ்டம்ஸ் வேலை நாலு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. கூட வந்திருந்த மச்சினன் அவசரப்படுத்தினான், எனக்கும் கை துறுதுறுவென்றது. நாங்களே ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். அது ஒரு சின்ன விஷயம், பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைக்கிறேன்.

இப்போது தாருக்கு வருகிறேன். கப்பலில் உப்புக் காற்று பட்டுத் துருப் பிடிக்கும் என்று சரவாக்கிலேயே வண்டியின் அடிப்பாகம் முழுக்கத் தார்ப் பூச்சு அடித்திருந்தேன். நானே படுத்துக்கொண்டு இரண்டு கோட்டிங் அடித்தேன், அவ்வளவு அக்கறை. நம் ஊரில் வண்டியைப் பதிவு செய்யும்போது சேசிஸ் நம்பரைப் பென்சிலில் பிரதி எடுப்பார்கள் என்பதை மறந்தே போனேன். அடிச்சட்டத்தில் குத்தியிருக்கிற நம்பர்மேல் செல்லோடேப்பை ஒட்டி, பென்சிலால் தேய்த்தால் நம்பர் அதில் படியும். அதை உரித்து விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டும். என் வண்டியில் நம்பர் இருந்த இடத்தில் ஒரு விரல் கனத்துக்குத் தார்தான் இருந்தது. பொறுமையாக மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். பிறகு எமரித் தாள் போட்டுத் தேய்த்தேன். தார் போனது, கூடவே கடைசி நம்பரில் பாதியும் போனது. அது மூன்றா எட்டா என்று பெற்றவனே வந்தாலும் சொல்ல முடியாது. அந்தக் கூத்தைச் சம்பத்துக்குப் போன் போட்டுச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவனுக்கு மட்டும்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

பத்தாவது நாள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைப் பிடித்து வைத்துவிட்டார்கள். நம்பரைத் திருத்தியிருக்கிறேன், திருட்டு வண்டியாக இருக்கலாம் என்று மொட்டைக் கடுதாசி வந்திருந்தது. பிறகு தடய ஆய்வு, பம்பாய்க்கு ஓலை, மலேசியாவுக்கு ஓலை. பதினோரு மாசம் என் வண்டி அலுவலக வளாகத்தில் ஒரு புங்கமரத்தடியில் கிடந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய்ப் பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கப் போகிறவன் மாதிரி கையில் ஒரு வாளி, ஒரு துணி. காக்காய் எச்சம் துடைப்பேன். எலி வயரைத் தின்றது. டயர் நாலும் தரையோடு படிந்தன. பதினோரு வருஷம் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு அந்தக் காட்டில் கிடந்தவனுக்குத் திருடன் என்று பெயர். சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

வண்டி விடுதலையான பிறகு முறைப்படி மனுப் போட்டு அந்தக் கடுதாசியின் நகலைக் கேட்டு வாங்கினேன். கொடுத்த குமாஸ்தா நல்ல மனுஷர்.

"சார், இவ்வளவு பக்தியா ஒரு மொட்டக் கடுதாசிய நான் பாத்ததே இல்லீங்க" என்றார்.

மேலே நட்டநடுவில், இரண்டு புள்ளியோடு, 'ஸ்ரீ:'. எமரித் தாள் விஷயமும் உள்ளே இருந்தது. இடது கையால் எழுதினானோ என்னவோ, எழுத்தெல்லாம் கோணல் மாணல். அந்த ஸ்ரீ மட்டும் முத்து மாதிரி இருந்தது. பொய் எழுத உட்கார்ந்தாலும் அதைப் போட்டுவிட்டுத்தான் கை இறங்கியிருக்கிறது.

எனக்கு மன்னிக்க வராது. அதை மறைக்கப் போவதில்லை. அந்த நகலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியின் டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் சம்பத்தோடு ஞாயிறுதோறும் கொள்ளிடத்தில் வண்டி ஓட்டினேன். அவன் கொண்டுவந்த புளியோதரையைத் தின்றேன். அவன் குழந்தைக்குப் பிறந்த நாள் என்றால் கேக் வாங்கிப் போனேன். சிரிக்கும்போதெல்லாம் உள்ளே, இரு மகனே, இரு என்று சொல்லிக்கொள்வேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். மன்னிக்க மனசு வரவில்லை என்றால், மனசு வர வேண்டும் என்றாவது ஜெபித்துப் பாருங்கள் என்றார். அதற்கும் மனசு வரவில்லை ஃபாதர் என்றேன். அதன் பிறகு ஈஸ்டருக்குக்கூடப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை.

காத்திருந்த நாள் ஒரு ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. முக்கொம்பு அணையில் மதியம் தண்ணீர் திறக்கிறார்கள், கொள்ளிடத்தில் யாரும் இறங்காதீர்கள் என்று காலையிலிருந்து மைக் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஒரு சுற்றுப் போய்விடலாம் என்று மூன்று வண்டிகள் இறங்கினோம். நடு ஆற்றைத் தாண்டி, நொச்சியம் கரைப் பக்கம், சம்பத்தின் ஜீப் ஈர மணலில் அச்சு வரை இறங்கிவிட்டது. அவன் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது. விஞ்ச் இருந்தது என் வண்டியில் மட்டும்தான். நான் கெட்டியான மணலில் நிறுத்தி, கயிற்றை உருவி, அவன் ஜீப்பில் கொக்கியை மாட்டினேன். மாட்டிவிட்டு, அவன் சொல்கிற வார்த்தையையே சொன்னேன்.

"எதா இருந்தாலும் எழுத்துல குடுத்துரு சம்பத்து."

பம்பர் பிய்ந்து வந்தால் என்மேல் பழி வரக் கூடாது, அதற்காகத்தான் என்றேன். அவன் சிரித்தான். தொழில் புத்தி எனக்கும் வந்துவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷம்கூட. தாளும் பேனாவும் கொடுத்தேன். என் பானெட்மேல் வைத்து, முதலில் ஸ்ரீ போட்டு, மடமடவென்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். நான் டேஷ்போர்டைத் திறந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு வருஷமாக ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் தேவைப்படவில்லை. மூன்றாவது வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார், ஒரு ஸ்ரீயைப் பார்த்தார், இன்னொரு ஸ்ரீயைப் பார்த்தார், போய்த் தன் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

சம்பத் மறுக்கவில்லை. இரண்டு தாளையும் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பம்பாய்லேர்ந்து நான்தான்டா ஓட்டிண்டு வர்றதா இருந்தது. பெட்டி கட்டி வெச்சிருந்தேன். நீ ஒரு போன் பண்ணல."

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கொக்கியைக் கழற்றினேன். கயிற்றைச் சுற்றினேன். இரண்டு தாளையும் உறைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பிக் கரையேறிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், அவன் என்னைக் கூப்பிடவில்லை. நொச்சியத்திலிருந்து டிராக்டர் வந்து, தண்ணீர் வருவதற்குள் ஜீப்பை இழுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இழுத்த இழுப்பில் முன் அச்சு தனியாக வந்துவிட்டதாம். அதைக் கேட்ட அன்று ராச்சாப்பாடு எனக்கு நன்றாக இறங்கியது, பொய் சொல்வானேன். சம்பத் அந்த ஜீப்பை எடைக்குப் போட்டான். அதன் பிறகு அவன் எந்த வண்டியும் ஓட்டியதாகத் தெரியவில்லை. இப்போது ஹைதராபாத்தில் மகள் வீட்டோடு போய்விட்டான் என்கிறார்கள். ஒரு போன்தானே, பண்ணியிருக்கலாமே என்பீர்கள். பண்ணியிருக்கலாம்தான். அதற்காக ஒருவனைத் திருடனாக்குவதா? இன்றைக்கும் அதே மணலில் நிறுத்தினால் அதே கொக்கியைக் கழற்றுவேன்.

கொள்ளிடத்தில் வண்டி இறங்கிய பாதையை இப்போது பள்ளம் வெட்டி அடைத்துவிட்டார்கள். அந்தப் பழைய புத்தகக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். மொட்டைக் கடுதாசிகூட இப்போது யாரும் கையால் எழுதுவதில்லை, போனிலேயே முடித்துக்கொள்கிறார்கள்.

மதியம் கேரளாக்காரர் வந்தார். ஃபைலைத் தேடி எடுத்து, அவருக்கு வேண்டியதையெல்லாம் கொடுத்தேன். அடியில், வண்டியை விற்றபோது டேஷ்போர்டிலிருந்து எடுத்து வைத்த அந்தப் பிளாஸ்டிக் உறை இருந்தது. இத்தனை வருஷ வெயிலில் ஜெராக்ஸ் மை பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தேன். எழுத்தெல்லாம் உறையோடு போய்விட்டது, கையில் வந்தது வெள்ளைத் தாள். உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அங்கங்கே கறுப்புத் தூள், அவ்வளவுதான். என் சாட்சி போய்விட்டது.

இன்னொரு தாள் பால்பாயின்ட் பேனாவில் எழுதியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பானெட் சூட்டில் அவன் அழுத்தி எழுதிய தடம்கூடப் பின்பக்கம் தெரிகிறது. மேலே ஸ்ரீ. கீழே இப்படி இருக்கிறது: 'எது உடைந்தாலும், எது நேர்ந்தாலும், அதற்கு என் நண்பன் பொறுப்பல்ல.'