பகலில் நட்சத்திரம் தேடியவன்

பெங்களூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இன்னமும் யாராவது திடீரென்று "ஏன் மாட்தா இதீரா?" என்று கேட்டால் என் வாய் ஒரு காரணத்தைச் சொல்லத்தான் திறக்கிறது. கன்னடத்தில் 'ஏன்' என்றால் 'என்ன'. 'யாக்கே' என்றால்தான் நம்முடைய 'ஏன்'. அலுவலகத்தில், கடையில், ஆட்டோவில் இது எனக்கு நன்றாகவே தெரியும். பயம் வரும்போது மட்டும் காது தமிழாகிவிடும். என்ன செய்கிறாய் என்று கேட்பவரிடம், ஏன் செய்கிறேன் என்று விளக்கிக்கொண்டு நிற்பேன். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். போன மார்கழி வரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த மாதம் ஒரு தொலைநோக்கி வாங்கியிருந்தேன். கண்ணாடிவில்லைகள் உள்ள நீளக்குழல் வகை. கண்ணால் பார்ப்பதற்கு அல்ல, கேமராவைப் பின்னால் பொருத்தி நெபுலா என்கிற வான்புகைத் திட்டுகளையும் நட்சத்திரக் கூட்டங்களையும் படமெடுப்பதற்கு. இந்த வகையில் விளம்பரத்தை நம்ப முடியாது. வில்லைகள் சரியாக அமையாவிட்டால் பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா நிறம் கசியும். நடுவில் புள்ளியாக இருக்கும் நட்சத்திரம் படத்தின் மூலைக்குப் போனதும் எள்ளு மாதிரி நீளும். நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவன். குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு. குறை இருந்தால் கெடுவுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் பெட்டி வந்த நாளிலிருந்து, நாங்கள் குடியிருக்கும் பொம்மனஹள்ளி வானத்தில் மேகம். வங்கக் கடலில் ஏதோ ஒரு தாழ்வு நிலை, அதன் வால் எங்கள் மொட்டைமாடி வரை நீண்டு கிடந்தது.

நட்சத்திரம் இல்லாதபோது பகலிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெளுத்த வானத்தின் முன்னால் நிற்கும் ஏதாவது ஒரு இரும்புக் கம்பியின் விளிம்பைப் படமெடுத்துப் பார்த்தால் நிறம் கசிகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு சனிக்கிழமை மதியம் மாடிக்குப் போனேன். எதிர்வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டிஷ் ஆன்டெனா கம்பி இருந்தது. குழலை அதன் பக்கம் திருப்பி, கேமராவின் திரையில் குனிந்து, விளிம்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதா இல்லை. மனசுக்குள் அவ்வளவு சந்தோஷம். திரையில் ஏதோ மஞ்சளாகக் குறுக்கே போயிற்று. நிமிர்ந்தேன். எதிர்வீட்டு மஞ்சுளா, ஈரத் துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் குழலையே பார்த்தபடி நின்றிருந்தார்.

அவர் கத்தவில்லை. கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் கணவர் நாகராஜும் தெருக்காரர்கள் இரண்டு பேரும் எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தார்கள்.

"ஏன் மாட்தா இதீரா?"

"நட்சத்திரம்… நட்சத்திரத்தைப் படமெடுக்க" என்றேன், அவசரத்தில் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக.

நாகராஜ் வானத்தைப் பார்த்தார். மணி இரண்டு இருக்கும்.

"ஹகலொத்து நட்சத்ரானா?" என்றார். பகலில் நட்சத்திரமா?

என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளிலேயே இவ்வளவு பொய்யாக ஒலித்த உண்மை வேறில்லை. கம்பி, விளிம்பு, ஊதா என்று விளக்க விளக்க அவர்கள் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. "நம் மனே கடே யாக்கே இட்டிதீரா?" என்றார் இன்னொருவர். எங்கள் வீட்டுப் பக்கம் ஏன் வைத்திருக்கிறீர்கள்? நியாயமான கேள்வி. கம்பி அங்கேதான் இருந்தது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

அருப்புக்கோட்டையில் நான் பள்ளியில் படித்தபோது, போர்வை விற்க வந்த ஒரு வடநாட்டுக்காரரை எங்கள் தெரு நிறுத்தி வைத்திருந்தது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தாராம். அவர் கைகளை விரித்து விரித்து ஏதோ சொன்னார். எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. புரியாததே அவர் மேல் குற்றமாக ஏறிக்கொண்டே போனது. இங்கே மாடியில் என் கைகளும் அப்படித்தான் விரிந்திருந்தன. ஊர் மாறினால் மனிதர் மாறுவார்கள் என்று சொல்லுபவர்கள், எந்தப் பக்கம் நின்று பார்த்தார்களோ தெரியாது.

வீட்டு உரிமையாளர் ஆரோக்கியம் அங்கிள் வந்தார். பெங்களூர் ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், எங்களுக்குக் கீழ்வீட்டில் இருப்பவர். அவர்களோடு கன்னடத்தில் தணிந்து பேசினார். பிறகு என்னிடம், "எடுத்த போட்டோ எல்லாம் காட்டிடுங்க தம்பி" என்றார். காட்டினேன். கம்பி, கம்பி, கம்பி. ஒன்றில் மட்டும் ஒரு மஞ்சள் புடவையின் ஓரமும் ஒரு முழங்கையும். அவர்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தேன். நாகராஜ் என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அன்று மாலை அங்கிள் மறுபடி வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"நீங்க தப்பானவர் இல்லேன்னு எனக்குத் தெரியும். நானும் தமிழ்தான், அதான் பிராப்ளமே. வேற யாராச்சும்னா 'ஹோகலி பிடி', போகட்டும் விடுன்னு விட்ருவாங்க. நீங்கன்னா, ஓனரும் அவங்க ஆளு, அதான் கேக்கலைன்னு பேசுவாங்க. நான் இங்கயே சாகவேண்டியவன் தம்பி. பாப்பாவுக்கு பரீட்சை முடியட்டும். வேற வீடு பார்த்துக்கங்க."

அவர் போன பிறகு என் மனைவி செல்வியிடம் பொருமினேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவங்க இடத்துல நான் இருந்தாலும் பயந்திருப்பேங்க" என்றாள். "துணி காயப் போடுற இடம்கூட நிம்மதி இல்லைன்னா எப்படி இருக்கும்? நீங்க கம்பியைப் பார்த்தீங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மஞ்சுளாவின் மகள் சஹனாவும் எங்கள் மகள் யாழினியும் ஒரே வேனில் பள்ளிக்குப் போகிறவர்கள். திங்கட்கிழமை முதல் சஹனா முன் இருக்கைக்கு மாறிவிட்டாள். "அவ அம்மா என்கூட உக்காரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். நான் என்னப்பா பண்ணேன்?" என்று யாழினி கேட்டாள். மஞ்சுளா வீட்டு ஜன்னலில் பழைய பெட்ஷீட் ஒன்று திரையாகத் தொங்கியது. அதைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

தொலைநோக்கியைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்கு முன் ஒரு மாலை வானம் திறந்தது. மாடி இனி இல்லை. மூவரும் காரில் ஓசூரைத் தாண்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு தைல மரத்தோப்பின் ஓரம் நிறுத்தினோம். இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கார்த்திகை மீன்கள் உயரத்தில் இருந்தன. கூர்மையான நீல நட்சத்திரங்கள். வில்லையைச் சோதிக்க அவற்றைவிடக் கண்டிப்பான ஆசிரியர் இல்லை. முதல் படம் திரையில் வந்தபோது செல்வி மூச்சை இழுத்தாள். நட்சத்திரங்களைச் சுற்றி நெபுலாவின் நீலப் புகை, அடுப்பிலிருந்து எழுந்த ஈரப்புகை போல. ஊதா துளியும் இல்லை.

ஆனால் வலது கீழ்மூலையில் நட்சத்திரங்கள் நீண்டிருந்தன. கேமரா சாய்ந்திருக்கலாம் என்று அதைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினேன். குறை கேமராவிலிருந்தால், படத்தின் அதே மூலையில்தான் நிற்க வேண்டும். நிற்கவில்லை, எதிர்மூலைக்கு மாறியது. கோளாறு வில்லையில்தான்.

"திருப்பி அனுப்பிடுவீங்களா?"

"அனுப்பணும்."

"வேற ஒண்ணு தருவாங்கல்ல?"

"தருவாங்க. அதை எந்த மாடியில வைக்கிறது?"

யாழினி இன்னொரு முறை படத்தைக் காட்டச் சொன்னாள். அவளுக்கு மூலை தெரியவில்லை.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். "யாருங்க அது? இங்கெல்லாம் நிக்காதீங்க, யானை வர்ற எடம்."

தமிழைக் கேட்டதும் எனக்குள் ஏதோ தளர்ந்தது. "இதோ கிளம்பிடறோம்ணே. நாங்களும் தமிழ்நாடுதான், அருப்புக்கோட்டை" என்றேன், அவர் கேட்காமலேயே.

அவர் விளக்கொளி எங்கள் நம்பர் பிளேட்டில் விழுந்தது. "கர்நாடகா வண்டியா இருக்கே?"

"வேலை பெங்களூர்லங்க."

"அப்ப பெங்களூர்க்காரங்கதான்" என்றார் சாதாரணமாக. "கொழந்தைய வச்சிருக்கீங்க. சீக்கிரமா ஊர் போய்ச் சேருங்க."

சொல்லிவிட்டு வடக்கே கை காட்டினார். அந்தப் பக்கம் அடிவானம் பெங்களூர் விளக்குகளின் மங்கிய ஆரஞ்சில் வெளுத்துக் கிடந்தது. அங்கே ஒரு நட்சத்திரமும் இல்லை. செல்வி தெற்கே ஒரு முறை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியை அந்த வெளிச்சத்தின் பக்கம் திருப்பினேன்.