தப்பே இல்லாத நோட்டுகள்

என் முப்பதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. மயிலாப்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மசாஜ் பிரிவுக்கு நான் தலைமை நர்ஸ். இப்போது பிசியோதெரபி என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அன்று எங்களுக்குக் கால் பிடிக்கிறவர்கள் என்றுதான் பெயர். எனக்குக் கீழே நான்கு பெண்கள் வேலை பழகினார்கள். தினமும் மாலையில் அவர்களை வரிசையாக நிற்கவைத்து, அன்று செய்ததை நோட்டைப் பார்த்து வாசிக்கச் சொல்வேன். தப்பு இருந்தால் வார்டே கேட்கும்படி கிழிகிழி என்று கிழிப்பேன். சில மாதங்களில் நோட்டுகளில் தப்பே இல்லாமல் போயிற்று. பெரிய டாக்டர் வாசலில் நின்றபடியே அவற்றைப் புரட்டிவிட்டு, "பட்டாளம் மாதிரி வைத்திருக்கிறீர்களே" என்பார். நோயாளி பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார். எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

அப்போது பட்டினப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். மீன்காரர். ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு ஆபரேஷன் எல்லாம் கிடையாது. காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் மணல் மூட்டையை அண்டக் கொடுத்து, வாரக்கணக்கில் அசையாமல் படுக்கப் போடுவதுதான் வைத்தியம். என்னைப் பார்த்தால் அவர் ஒன்றுதான் கேட்பார். "மீன் கூட தூக்கிக்கினு நடப்பேனா நர்ஸம்மா?" நடக்க வைக்கிறேன் என்று நானும் தினம் வாக்குக் கொடுப்பேன்.

எடையை அவிழ்த்த பிறகு அவரை உட்காரவைத்துப் பழக்கும் வேலையை சாந்தோமிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தேன். பத்தொன்பது வயது. டாக்டர் சொல்லும்வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே விடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் போர்வையை விலக்கிப் பார்க்கிறேன், பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. தொடை வீங்கியிருக்கிறது. எலும்பு மறுபடி விலகிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நோட்டை எடுத்தால் மூன்று நாளாக 'நலம், வலி இல்லை' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். மூன்று நாள் முன்னால் நாற்காலிக்கு மாற்றும்போது பிடி நழுவி, அந்த அம்மாள் முழுப் பாரத்தையும் அந்தக் காலில் ஊன்றிவிட்டாராம்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "ஏண்டி, இது ஒரு மனுஷியோட காலுடி. பொய்யா எழுதினே?" என்று ஆரம்பித்தவள், என்னென்ன சொன்னேன் என்று இப்போது எழுதக் கூசுகிறது. ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். போய்விட்டாள்.

கட்டிலில் இருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு அதும்மேல பாயிற? அன்னிக்கே உங்கிட்ட சொல்லத்தான் உன் ரூமாண்ட வந்துச்சு. நீ வேற ஒரு பொண்ணப் போட்டு கத்திக்கினு இருந்த. வாசல்லயே நின்னுட்டு அப்டியே திரும்பிப் பூட்ச்சு. நான் இங்கேர்ந்து பார்த்துக்கினுதான் இருந்தேன். சொன்னா அது வேல பூடுமேன்னு நானும் பல்லக் கடிச்சிக்கினு கெடந்தேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னார். "நீ இல்லாங்காட்டி அது கையி பூ மாரி இருக்கும். உன் கொரல் கேட்டா போதும், வெலவெலத்துப் பூடும். அந்தக் கையிலதான என் காலு கீது."

எனக்கு நினைவு வந்தது. அன்று நான் கத்தியது ஒரு மணல் மூட்டை கொஞ்சம் கோணலாக இருந்ததற்காக. வெறும் மணல் மூட்டை. அதற்காக ஒரு மனுஷி மூன்று நாள் வலியை விழுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அந்தப் பெண் பொய் எழுதியது தப்புதான், இன்றும் அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் எழுத வைத்தவள் நான். என்மேல் எனக்கு வந்த கோபம், அதற்கு முன்னும் பின்னும் யார்மேலும் வந்ததில்லை. பெரிய டாக்டர் வழக்கம்போல வாசலில் நின்று, "அவளை அனுப்பியது சரிதான்" என்றபோது, "உள்ளே வந்து காலைப் பாருங்கள்" என்று அவர்மீதும் பாய்ந்தேன்.

மாலையில் அவளைத் திரும்பக் கூப்பிட சாந்தோமுக்குப் போனேன். அந்தப் பெண் கதவைத் திறந்ததும், என்னைத் திட்டவும் இல்லை, வேலையைப் பற்றிக் கேட்கவும் இல்லை. "சிஸ்டர், அந்தம்மாவுக்கு இப்ப வலி எப்படி இருக்கு?" என்றாள். வீங்கின காலைப் பார்த்தேன், நோட்டைப் பார்த்தேன், கத்தினேன். வலிக்கிறதா என்று அந்த அம்மாளிடம் நான் கேட்கவே இல்லை.

மறுநாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். மாலை வரிசையை அன்றோடு நிறுத்தினேன். மாவுக்கட்டோடு இன்னும் இரண்டு மாதம் படுத்திருந்தும் அந்த அம்மாளின் எலும்பு சரியாகக் கூடாமல் கால் குட்டையாகிவிட்டது. அதன்பின் அவர் கூடை தூக்கித் தெருத் தெருவாக நடக்கவில்லை. கரையோரம் ஓரிடத்தில் உட்கார்ந்து மீன் விற்றார்.

எனக்கு எழுபது வயதாகிறது, கோபம் இன்னும் குறையவில்லை. ஆனால் வீட்டில் குரலை உயர்த்தும்போதெல்லாம், எதையோ சொல்ல வந்த யாராவது திரும்பிப் போகிறார்களோ என்று என் கண் தானாக வாசல் பக்கம் போய்விடுகிறது.