ரோட்டருக்கு வைத்த குங்குமம்

டர்பைனில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மின் நிலையத்தில் நீராவி தள்ள, சுழல்கிற இயந்திரம் அது. நடுத் தண்டை ரோட்டர் என்போம். அதைச் சுற்றி வரிசை வரிசையாக இறக்கைகள். ஓர் இறக்கையின் அடியில் மயிரளவு கீறல் இருந்தாலும் ஓட விடக்கூடாது. பிய்ந்து பறந்தால் கூரை நிற்காது.

பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் படிவத்தோடு சரி. இந்த வேலைக்குக் கண் போதும்.

செய்முறை இதுதான். துடைத்த இரும்பில் சிவப்புச் சாயம் அடிப்போம். ஊற விடுவோம். துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சு அடிப்போம். கீறல் இருந்தால் உள்ளே போன சிவப்பு வெள்ளையில் கசியும். சிவப்புக் கோடு வந்தால் வெடிப்பு.

அன்று புக்கிட் மெர்தாஜாம் பட்டறையில் ஒரு ரோட்டர். கடைசி வரிசைதான் பாக்கி. மதியத்துக்குள் முடித்துவிட்டு நிபோங் திபால் போக வேண்டும். சம்பந்தி வீட்டில் என் மகளுக்கு வளைகாப்பு. முதல் பிள்ளை. வளையல் போட்ட கையோடு அவளை பினாங்குத் தீவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. மனைவி முதல் நாளே போய்விட்டாள். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்க" என்று அத்தனை தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள். காலையிலேயே காரின் பின் சீட்டில் மகளுக்குத் தலையணை போட்டு வைத்திருந்தேன்.

வெள்ளை அடித்தேன். சிவப்புக் கோடு வந்தது.

சீன இன்ஜினியர் பெண் எட்டிப் பார்த்தாள். "ஓக்கே கா, அங்கிள்?"

"பெலும்" என்றேன். மலாயில், இன்னும் இல்லை.

துடைத்து மறுபடி அடித்தேன். மறுபடி கோடு. ஆனால் ஒரு விரல் தள்ளி. வெடிப்பு இடம் மாறாது. திரும்பவும் துடைத்தேன். இந்தத் தடவை பக்கத்து இறக்கையிலும் சிவப்பு. எனக்கு எரிச்சல் வந்தது. காந்தம் வைத்துப் பார்க்கும் கருவி வேறு ஊருக்குப் போயிருந்தது. சாயத்தை விட்டால் வழியில்லை.

கிரேன் ஓட்டுகிற தம்பி தே ஓ என்கிற கடுந்தேநீர்ப் பொட்டலத்தோடு வந்தான். பல வருடப் பழக்கம்.

"என்னண்ணே, காலையிலேருந்து அதையே தேய்க்கிறீங்க?"

"கோடு வருது."

"எங்க? அட, அங்க நாந்தானே பொட்டு வெச்சேன்!"

"என்ன பொட்டு?"

"ரெண்டு வாரத்துக்கு முன்ன ஆயுத பூசைக்கு அண்ணே. எல்லா மெஷினுக்கும் வெச்சேன். இவ்ளோ பெருசு வந்து படுத்திருக்கு, இத மட்டும் விட்டா கோவிச்சுக்காதா?"

"இந்த ஒன்னுக்கா வெச்ச?"

"ஓரவஞ்சனை பண்ணக்கூடாதுல்ல. இந்த வரிசை பூரா வெச்சேன். நல்லெண்ணெயில கொழச்சேன். கெட்டியா ஒட்டிக்கும் லா."

"ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. சொல்ல மாட்டியா?"

"நீங்க கேக்கலியே."

அவனை அடிக்கவும் முடியாது. மெஷின் நன்றாக ஓட வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறான்.

"குங்குமம்னு தெரிஞ்சுபோச்சே அண்ணே, விட்டுட்டுக் கெளம்புங்க" என்றான்.

"அதுக்கு அடியில கீறல் இருந்தா?"

இன்ஜினியர் பெண்ணும் அதைத்தான் சொன்னாள். எல்லாவற்றையும் துடைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஒரு தடவை வெளிநாட்டில் அணுமின் நிலையத்து டர்பைன் பார்க்கப் போயிருக்கிறேன். சட்டைப் பையில் பேனா இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் அங்கே உள்ளே போக வேண்டும். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். அப்போது அதிகப்படி என்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

எண்ணெய் இடுக்கில் இறங்கியிருந்தது. பிரஷ் போகவில்லை. துணியைக் குச்சியில் சுற்றி ஒவ்வோர் இறக்கையாகத் தோண்டினேன். தம்பியும் உட்கார்ந்து தேய்த்தான். கையெல்லாம் சிவப்பு. மனைவி போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"பட்டறையில."

"இன்னுமா? சனமெல்லாம் சாப்பிட்டுக் கெளம்பிடுச்சு. அங்க அப்படி என்ன செய்றீங்க?"

"குங்குமத்தத் தொடச்சிக்கிட்டு இருக்கேன்."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது!"

வைத்துவிட்டாள். சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது.

சாயம், ஊறல், வெள்ளைப் பூச்சு. காத்திருந்தேன். ஒரு கோடும் வரவில்லை. வரிசை முழுக்க வெள்ளை. வெடிப்பு இல்லை. எதுவுமே இல்லை.

நெடுஞ்சாலையில் நெரிசல். நிபோங் திபால் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். மகள் கை நிறைய வளையலோடு பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னப்பா, கையெல்லாம் செவப்பா இருக்கு?"

"சாயம்மா."

சம்பந்தியம்மா மரியாதையாகத்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. விளக்கு வெச்ச பெறகு புள்ளத்தாச்சிய கடல் தாண்டி அனுப்ப மாட்டோம். நாளைக்கு அஷ்டமி. அடுத்து நவமி. தசமிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க."

"பாலத்துலதான போறோம்" என்றேன்.

"கீழ கடல்தானே அண்ணே."

தசமிக்கு எனக்கு வேறு மாநிலத்தில் வேலை. மகளுக்கும் அது தெரியும். பெட்டியை எடுத்து உள்ளே வைத்தாள். வளையல் சத்தம் கேட்டது.

நானும் மனைவியும் திரும்பினோம். பாலத்தில் ஏறினோம். அவள் பின் சீட்டுத் தலையணையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"வெடிப்பு இருந்துச்சா?"

"இல்ல."

"இருந்திருந்தாலாவது..." என்றாள்.