ஆட முடியாத பாட்டு

அந்த இசைத்தட்டின் உறையில் அண்ணா மெல்பேர்ணின் ஒரு ட்ராம் தரிப்பிடத்தில் நிற்கிறார். இரவல் கோட்டு, கை நீளம் போதாது. எழுபதுகளின் நடுப்பகுதியில் அந்தப் படத்தை எடுத்தவள் நான். கொழும்பில் பொப் பாடகராகப் பெயரெடுத்த காலத்தில் வந்த தட்டுகளிலெல்லாம் பளபளக்கும் சட்டையும் கித்தாருமாக நிற்பார். இதில் கித்தாரும் இல்லை, சிரிப்பும் இல்லை. "வேலைக்கு எழுதிப் போடுற ஆளின்ர படம் மாதிரி இருக்கு" என்று பகிடி பண்ணினேன். அவருக்கு அது பிடித்துவிட்டது.

இங்கே அவர் கார்த் தொழிற்சாலையில் கார்களுக்குக் கதவு பொருத்தும் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களின் ஒன்றுகூடல்களில் பாடினார். எல்லோருக்கும் வேண்டியது ஒரே பாட்டுத்தான். சைக்கிளில் போகும் ஒரு கொழும்புப் பெண்ணைப் பற்றிய துள்ளல் பாட்டு. அதைப் பாடாமல் அவரை மேடையிலிருந்து இறங்கவிட மாட்டார்கள்.

புதிய தட்டுக்கு அவர் வேறு மாதிரிப் பாட்டுக் கட்டினார். கூட வேலை செய்த இத்தாலிக்காரர் ஒருவர் அக்கோடியன் வாத்தியத்தோடு எங்கள் வீட்டுக் குசினிக்கு வருவார். பின்னேர வேலை முடிந்து மழையில் ட்ராமுக்கு நிற்கும் ஒருவனின் பாட்டு அங்கேதான் பிறந்தது. மேளம் இல்லை. அண்ணாவிடம் அப்படியொரு தாழ்ந்த குரல் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

"இதுக்கு ஆடேலாதே, அண்ணா."

"ஓம். ஆடாட்டி என்ன? சனம் கொஞ்ச நேரம் இருந்து கேக்கட்டும்."

உண்மையைச் சொன்னால், கோப்பை கழுவிக்கொண்டிருந்த நான் தண்ணீரை நிறுத்திவிட்டுத்தான் அதைக் கேட்பேன். ஆனால் அவரிடம் ஒருநாளும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. வீட்டு ஆட்களை யார் வாய்விட்டுப் புகழ்கிறார்கள்?

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் நிறைந்த கூட்டம். முதலில் இரண்டு ஆட்டப் பாட்டுகள் நன்றாகப் போயின. பிறகு அக்கோடியன் மெதுவாகத் தொடங்கியது. ஆடியவர்கள் சற்று நேரம் திகைத்து நின்றுவிட்டு, சாப்பாட்டு மேசைப் பக்கம் நடந்தார்கள். ரோல்ஸ் சூடாக வந்திருந்தது. "உங்கட அண்ணாவுக்கு என்ன நடந்தது, பிள்ளை? சுகமில்லையோ?" என்று ஒரு அன்ரி கேட்டார். அண்ணா தோற்றுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. இரண்டாம் சரணத்தின் நடுவில் எழும்பி, "அண்ணா, சைக்கிள் பாட்டு!" என்று கத்தினேன். கூட்டம் அதையே பிடித்துக்கொண்டது.

அவர் பாட்டை நிறுத்தி என்னைப் பார்த்தார். சிரித்தார். மேளக்காரருக்குக் கையைக் காட்டினார். இத்தாலிக்காரர் அக்கோடியனை மடக்கிப் பெட்டிக்குள் வைத்ததை அந்த மண்டபத்தில் நான் ஒருத்திதான் கவனித்தேன் போலிருக்கிறது.

காரில் வரும்போது அண்ணா, "நல்ல நேரத்தில கூப்பிட்டாய், தங்கச்சி" என்றார். கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் கோபிக்கவில்லை. அந்த ட்ராம் பாட்டை அதன்பிறகு அவர் எங்கும் பாடவுமில்லை. எத்தனையோ கலியாண வீடுகளில் சைக்கிள் பாட்டைப் பாடினார். நானும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். தட்டு என்னிடம் இருக்கிறது. அதில் முழுப்பாட்டும் இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அதுவல்ல. அன்று நான் குறுக்கே விழுந்த இடத்திலிருந்து மிச்சத்தை அவர் எனக்கு முன்னால் பாட வேண்டும் என்றிருந்தது. கேட்க வாய் வரவில்லை.

கடைசியாக, ஆஸ்பத்திரியில்தான் கேட்டேன். அவருடைய குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"அண்ணா, எனக்காக அந்தப் பாட்டை ஒருக்காப் பாடுங்கோவன்."

எந்தப் பாட்டு என்று அவர் கேட்கவில்லை. எனக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும் அல்லவா? கட்டில் கம்பியில் விரலால் தாளம் தட்டி, மூச்சு வாங்க வாங்க, சைக்கிள் பாட்டைப் பாடத் தொடங்கினார். நான் கைதட்டினேன்.