கலஹாவில் கேட்ட விலாசம்

திருச்சியில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மூன்று நாள் விடுப்புக் கிடைத்ததும், போன சனிக்கிழமை, இலங்கையில் கலஹா தேயிலைத் தோட்டப் பக்கம் இருக்கும் சித்தப்பா மகன் செல்வத்தைப் பார்க்கக் கண்டிக்குக் கிளம்பினேன். அந்த வாரம் முழுக்க எங்கள் தொலைக்காட்சியில் ஒரே கூச்சல். இலங்கைத் துறைமுகத்துக்குச் சீனக் கப்பல் வருகிறதாம், நம் பாதுகாப்புக்கு ஆபத்தாம். இலங்கைத் தரப்போ அது வெறும் ஆராய்ச்சிக் கப்பல் என்றது. பாதிப் பயத்தோடுதான் விமானம் ஏறினேன்.

ஞாயிறு காலை 8.10க்குக் கண்டியில் பஸ். பேராதனை வழியாகக் கலஹாவுக்குச் சுமார் இருபத்து மூன்று கிலோமீட்டர், ஒரு மணி இருபது நிமிடம், நூற்று இருபது ரூபாய். பக்கத்தில் இருந்தவரிடம் கப்பலைப் பற்றிக் கேட்டேன்.

"கப்பலா? இங்க கடலே இல்லீங்களே!" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

செல்வம் வீட்டில் எல்லாரும் ஓர் இந்திய விசாப் படிவத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவன் மகள் கவிதாவுக்குக் கோயம்புத்தூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்காவிட்டால் இடம் போய்விடும். ஆனால் அவள் சீன மொழி படித்து, சாலை போடும் சீனக் கம்பெனி ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். அதை எழுதலாமா, மறைக்கலாமா என்பதுதான் வாக்குவாதம்.

"உள்ளத எழுதும்மா. உன்ன யாரு சந்தேகப்படப் போறாங்க?" என்று பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன்.

செல்வம் சிரித்தான். "எங்கப்பாவ இந்தியாவோட ஆளுன்னு சொல்லித்தாண்ணே இங்க பிரஜா உரிமை குடுக்கல. பக்கத்துல பெரிய நாடு இருக்குன்னு அப்ப இந்த நாட்டு அரசாங்கத்துக்குப் பயம். இப்ப அந்த இந்தியாவே எம்மகள சைனாவோட ஆளுன்னு சொல்லுமா?"

யாருக்கு யார் ஆபத்து என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கவிதா கம்பெனிப் பெயரை எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "பெரியப்பா, இந்தியாவுல தெரிஞ்சவங்க ஒருத்தர் பேரும் விலாசமும் கேக்குறாங்க. உங்களதப் போடவா?" என்றாள்.

"புது வீட்டு நம்பர் ஞாபகமில்லம்மா. ஊருக்குப் போய் அனுப்புறேன்," என்றேன். பதினைந்து வருஷமாக அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

கலஹா போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் மழை நிச்சயம். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்று வியாழன். காலையில் கவிதாவிடமிருந்து செய்தி வந்தது: "சங்கடம்னா விடுங்க பெரியப்பா." நான் தூக்கி வளர்க்காத குறையாகப் பாசம் வைத்திருக்கும் பெண். அவளைக் கண்டு எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. இவ்வளவு நீளப் பதிவை எழுதிவிட்டேன். நாலு வரி விலாசத்தை இன்னும் எழுதவில்லை.