ரோடு தாண்ட ஒரு கை

இன்று மதியம் மீன் பார்சல் வந்தது. செல்போனில் கேட்டால் வீட்டுக்கே வருகிறது, கழுவி, வெட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி. திறந்து முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை. மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவக் குப்பத்தில் பிறந்தவள் நான். வாடையில்லாத மீனை நம்பலாமா என்று முதலில் யோசித்தேன். எனக்குத்தான் எல்லாவற்றிலும் சந்தேகம் என்று பிறகு என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் அதற்குள் கோபம் வந்துவிட்டது. மீன் மேல் இல்லை. மீன் வாடை என்றால் எனக்குக் கைகள் ஞாபகம் வரும். அந்தக் கைகள் எங்கே போயின என்ற கோபம்.

எங்கள் குப்பம் கடல் பக்கம், பள்ளிக்கூடம் ஈ.சி.ஆர். ரோட்டுக்கு அந்தப் பக்கம். காலையில் படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் எந்த அம்மாவால் பிள்ளையைக் கொண்டுவிட முடியும்? அதனால் நாங்கள் டீக்கடைக்கு எதிரே நின்று கையை நீட்டுவோம். உள்ளங்கை தரையைப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் காசு கேட்பதுபோல் இருக்கும். ரோடு தாண்டப் போகிற பெரியவர் யாராக இருந்தாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார். பிடிக்கலாமா என்று நாங்களும் கேட்க மாட்டோம், அவர்களும் கேட்க மாட்டார்கள்.

முகங்கள் ஒன்றும் நினைவில் இல்லை. கைகள் இருக்கின்றன. சிற்பப் பட்டறைக்குப் போகிறவர்களின் கை சொரசொரவென்று இருக்கும், பிடித்த இடமெல்லாம் வெள்ளைத் தூள். அதைப் பாவாடையில் துடைத்துக்கொள்வேன். "இன்னாடி இது, பாவாடை ஃபுல்லா சுண்ணாம்பு அட்ச்சா மாதிரி கீது?" என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். மீன் விற்கப் போகிற அக்காக்களின் கை ஈரமாக, சில்லென்று இருக்கும். முதல் பீரியடு முடியும்வரை அந்த வாடை விரலை விட்டுப் போகாது. பிடித்த கை சும்மாவும் விடாது. "எந்த வூட்டுப் பொண்ணு நீ? அழுதுகினா வந்தே?" என்று கேட்டுவிடும். சாயங்காலத்துக்குள் அம்மா காதுக்குச் செய்தி போயிருக்கும்.

ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர் எங்கள் பக்கத்தில் வந்து நின்று, நாங்கள் செய்வதைப் பார்த்து அவரும் கையை நீட்டினார். நானும் என் தோழியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை அக்கரை சேர்த்தோம். அவர் போக வேண்டிய இடம் கடற்கரை. அது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. திரும்பக் கொண்டுவந்து விட்டோம். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பள்ளியில் லேட்.

இப்போது ஊரப்பாக்கத்தில் இருக்கிறோம். ஃப்ளாட் வாங்கும்போது கொடுத்த விளம்பரத் தாளில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் புல்லில் ஓடுகிறார்கள். வளர்ந்துவரும் நகரம், குடும்பங்களுக்கு ஏற்ற ஊர் என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் படத்தில் ரோடு இல்லை. எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

இங்கே வாசலில் ஜி.எஸ்.டி. ரோடு ஓடுகிறது. நடுவில் இருந்த இடைவெளியைக் கான்கிரீட் கட்டை வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரு ஆள் ஒருக்களித்துப் புகும் சந்துதான் மிச்சம். பள்ளி வேனால் திரும்ப முடியவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் யாழினியைச் சாயங்காலம் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. தினமும் நான் தாண்டிப் போய் அழைத்து வருவேன்.

போன மாதம் ஒரு நாள் வேன் முன்னதாகவே வந்துவிட்டது. நான் இந்தப் பக்கம் வந்து பார்த்தால், எதிரே அன்னக்கூடையில் மீன் வைத்து விற்கும் அம்மா என் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவள் திமிறினாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். லாரிச் சத்தத்தில் அந்த வார்த்தைகள் அவர் காதில் விழாமல் இருந்திருக்க வேண்டும். தாண்டி ஓடினேன்.

"இன்னாத்துக்கு இப்டிக் கத்தற?" என்றார் அவர். "கை குடு பாப்பா, நான் இட்டுகினு போறேன்னேன். யார் கையும் புடிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிக்கீதாம். சொல்லிட்டுத் தானா ரோட்ல எறங்குது. வுட்டுட்டு வேடிக்க பாக்கவா?"

"நீதானம்மா சொன்ன," என்றாள் யாழினி.

நான்தான் சொன்னேன். தினம் வருகிற செய்திகளைப் படித்துவிட்டு எந்தத் தாய் சொல்லாமல் இருப்பாள்? ஆனால் கையையும் பிடிக்காதே, ரோட்டையும் தாண்டாதே என்றால் ஏழு வயதுக் குழந்தை எங்கேதான் போகும்?

நான் பிறந்த ஊரைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். "நம்மூர்ப் பொண்ணா நீ? ரோட்டப் பாத்து இம்மாம் பயந்துகினு கீறே. நாளைக்கு நானே வுடறேன். நீ வூட்ல குந்தி டீ குடி."

டீ குடிக்கவில்லை, எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அவர்தான் தினமும் அழைத்து வந்தார். முதல் நாள் மகளின் மணிக்கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்புறம் கழுவவில்லை.

இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. எங்கள் குடியிருப்போர் சங்கம் மனு கொடுத்து, நடைபாதைக் கடைகளை எடுக்க வைத்தது. மீன்கார அம்மாவையும் அன்றோடு காணோம். குடும்பங்கள் நிம்மதியாக நடக்கலாம் என்று வாட்ஸாப் குழுவில் படம் போட்டார்கள். படத்துக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். "ரோட்டைத் தாண்ட வழி கேட்டும் ஒரு மனு கொடுக்கலாமே சார்," என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி அனுப்பினேன்.

"ஸ்டேஷன் கிட்ட மேம்பாலம் இருக்கே மேடம்," என்று செயலாளர் பதில் போட்டார். அவர் காரில் போகிறவர். ஒரு கூடை மீன் கண்ணை உறுத்துகிறது இவர்களுக்கு. ரோட்டில் இறங்கும் குழந்தை உறுத்தவில்லை. பொறுமையாக இரு என்கிறார் என் கணவர். எதற்கு?

நேற்றிரவு யாழினிக்கு அந்தப் பழைய கைகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. இன்று சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் அவள் ரோட்டோரம் நின்று கையை நீட்டினாள், உள்ளங்கை கீழே பார்க்க, சொன்னபடியே. நான் பின்னால் நின்றேன். ஹெல்மெட் மாட்டிய ஒருவர் வழிவிடச் சொல்கிறாள் என்று நினைத்து விலகிக்கொண்டார். ஒரு பெண் தன் கைப்பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். என்னைப் போன்ற ஒரு அம்மா, கையில் தன் குழந்தையோடு, யாழினியின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், தாண்டிப் போய்விட்டாள்.

"வாடி, நான் பிடிக்கிறேன்," என்றேன்.

"நீ இல்லம்மா," என்றாள். கையை மடக்கவில்லை.